பதினைந்து மாத அமைதி

ஹௌஹோ
2 நவம்பர் 1939

அன்புள்ள அக்காவுக்கு,

போன மாதம் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தபால் தாமதம் என்கிறாள் வீட்டில் ஹெல்மி. உனக்குக் கோபம் என்று நான் நினைக்கிறேன்.

மாஸ்கோவில் நம் ஹெல்சின்கி ஆட்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பது நேற்றுப் பேப்பரில் முழுசாக வந்துவிட்டது. லெனின்கிராட் நம் எல்லையிலிருந்து முப்பது கிலோமீட்டர்தானாம், பீரங்கிக்கு எட்டுமாம், எல்லையைப் பின்னால் தள்ளிப் போடுங்கள் என்கிறான் ரஷ்யாக்காரன். பதிலுக்கு வடக்கே இரண்டு மடங்கு நிலம் தருகிறானாம்.

அக்கா, கோபப்படாமல் படி. கொடுத்துவிட்டால் என்ன? நாம் முப்பத்தேழு லட்சம் பேர். அவன் பதினேழு கோடி. சண்டை போட்டு ஜெயிக்க முடியுமா? ஹெல்மியும் நானும் பெற்றவன் ஆர்னே, அவனுக்குப் பதினெட்டு வயது ஆகிவிட்டது. இந்தக் கோடையில் உங்கள் ஊர்ப் பக்கம் வந்து அகழி வெட்டியதிலிருந்து அவனுக்குப் பட்டாளத்தைத் தவிர வேறு பேச்சே இல்லை.

புதிதாகக் கேட்கும் கோட்டுக்கு அந்தப் பக்கத்தில் உன் வீடு இருக்கிறது. தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். எல்லைக்கிராமத்துப் பெண்கள் எல்லாரும் பிள்ளைகளோடு உள்நாட்டுக்குப் போய்விட்டார்களாமே, நீ மட்டும் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாய்? தனெலி அத்தானைத்தான் ராணுவத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்களே. இர்யாவையும் ஓலவியையும் கூட்டிக்கொண்டு வா. நிலம் வேறு இடத்தில் கிடைக்கும். போன உயிர் கிடைக்குமா?

உன் தம்பி,
நெஸ்தோரி


கிவென்னபா
9 நவம்பர் 1939

நெஸ்தோரி,

உன் கடிதங்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. தபால்காரர்மேல் பழி போடாதே. நான்தான் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒரு நாள் விடுப்பு. குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவரிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். “உன் தம்பி தங்கமான மனுஷன்டி. என் வீட்ட எவ்வளவு தாராளமா தூக்கிக் குடுக்கிறான் பாரு!” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நாம் கொடுத்துவிட்டால் என்ன” என்று எழுதியிருக்கிறாய். நீ எதைக் கொடுக்கிறாய்? உன் ஏரிப்பக்கத்து வயலையா? போன வருஷம் செக் நாட்டுக்காரர்கள் பக்கத்து நாட்டுக்காரனுக்கு மலையோரத்தைக் கொடுத்தார்கள். இதோடு சரி, இனிமேல் கேட்கமாட்டோம் என்றுதான் அவர்களிடமும் சொன்னார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை, மீதி நாடும் போய்விட்டது. இதை எனக்கு எழுதியதே நீதான். மறந்துவிட்டாயா?

ஆர்னே வெட்டிய அகழி எங்கே இருக்கிறது, யோசித்தாயா? ரஷ்யாக்காரன் கேட்கிற இடத்தில்தான். அதையும் கொடுத்துவிட்டு, அடுத்த முறை வந்தால் எங்கே படுத்துக்கொண்டு சுடுவது? உன் மாட்டுத்தொழுவத்திலா?

வடக்கே இரண்டு மடங்கு தருகிறானாம். காடும் சேறும். நீயே போய் உழு.

பெண்கள் போனார்கள், பாதிப் பேர் திரும்பியும் வந்துவிட்டார்கள். முரிக்கி கன்று போடப்போகிறது. நான் வரவில்லை.

சைமி


லபுவா
20 டிசம்பர் 1939

நெஸ்தோரி,

உயிரோடு இருக்கிறோம். பிள்ளைகளும்தான்.

நவம்பர் முப்பது காலையில் ஏழு மணிக்குப் பீரங்கிச் சத்தம் ஆரம்பித்தது. தட்டு எல்லாம் அலமாரியிலிருந்து விழுந்தது. ஊரைக் காலி செய்ய ஒரு மணி நேரம் தந்தார்கள். அந்த ஒரு மணியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? தரையைத் தேய்த்துக் கழுவினேன். “யாருக்கும்மா கழுவுறே?” என்று இர்யா கேட்டாள். வாயை மூடு, வாளியைக் கொண்டா என்றேன். அழுக்கு வீட்டை விட்டுவிட்டு வர என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

முரிக்கியை ஓட்டிக்கொண்டு மூன்று நாள் நடந்தோம். கன்று வழியில் பிறந்தது, வழியிலேயே செத்தது. ரயில் எங்கே இறக்கிவிட்டதோ அங்கே இறங்கினோம்.

அவரிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. எதிரிக்குக் கூரை கிடைக்கக் கூடாது என்று நம் ஆட்களே வீடுகளைக் கொளுத்தினார்கள். எங்கள் தெருவைக் கொளுத்தும் வேலை அவருடைய படைப்பிரிவுக்கு. வேறு யாரையும் விடவில்லையாம், நம் வீட்டுக்கு அவரே தீ வைத்தாராம். “தரை பளபளன்னு இருந்துச்சு. பூட்ஸைக் கழட்டிட்டு உள்ள போனேன்” என்று எழுதியிருக்கிறார்.

இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வேறு யாருக்கு எழுதுவது?

சைமி


ஹௌஹோ
15 மார்ச் 1940

அக்கா,

முந்தாநாள் மத்தியானம் ரேடியோவில் சொன்னார்கள், நிலத்தைக் கொடுத்துச் சமாதானம் ஆகிவிட்டதாம். நானே போய்த் தேவாலயத்துக் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்கினேன்.

அன்றைக்கே கொடுத்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்று உனக்கு எழுத உட்கார்ந்தேன். எழுதிக் கிழித்துப் போட்டேன். திரும்பவும் எழுதுகிறேன், ஏனென்றால் என் மனதில் இருப்பது அதுதான். அன்று கேட்டதைவிடப் பல மடங்கு இன்று போயிருக்கிறது. வீப்புரி நகரமே போய்விட்டது. பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் இருபதாயிரத்துக்கு மேல் செத்திருக்கிறார்கள். எதற்கு?

சரி, அது முடிந்தது. அத்தான் உயிரோடு இருப்பதற்குக் கடவுளுக்கு நன்றி. இனியாவது அமைதி என்று நினைக்கிறேன். அவன் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது, இனி எதைக் கேட்பான்?

இங்கே வாருங்கள். உங்களுக்கு இடமா இல்லை?

நெஸ்தோரி


லபுவா
2 ஏப்ரல் 1940

நெஸ்தோரி,

கிழித்துப் போட்டதைத் திரும்ப எழுதினாயே, அதற்காகவே உன்மேல் கோபம் குறைந்தது. மனதில் வைத்துக்கொண்டு இனிப்பாகப் பேசியிருந்தால் இந்த ஜென்மத்தில் உனக்குப் பதில் போட்டிருக்கமாட்டேன்.

ஆனால் நீ சொல்வது தப்பு. அன்றைக்கே கொடுத்திருந்தால் அகழியும் சேர்ந்து போயிருக்கும். அப்புறம் அவன் கிறிஸ்துமஸுக்கு ஹெல்சின்கியில் உட்கார்ந்திருப்பான். நூற்றைந்து நாள் அந்த இடத்தில் நின்றதால்தான் உன் வீடு இன்னும் உன் வீடு. இதை நான் சொல்லவில்லை, அங்கே நின்றவர் சொல்கிறார். காதில் பனி கடித்து ஒரு பக்கம் கேட்கவில்லை அவருக்கு. கேட்காத பக்கத்தில் நான் உட்கார்ந்து பேசுகிறேன், நிம்மதியாக இருக்கிறாராம்.

இனி எதைக் கேட்பான் என்கிறாய். ஹாங்கோ துறைமுகத்தில் அவன் சிப்பாய்கள் இறங்கிவிட்டார்கள். அது என் ஊர்ப் பக்கமா, உன் ஊர்ப் பக்கமா, தேசப்படத்தில் பார்.

வரமுடியாது. இங்கே ஒரு பண்ணையில் பால் கறக்கிறேன். யார் வீட்டிலும் சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுப் பழக்கமில்லை.

சைமி


ஹௌஹோ
21 அக்டோபர் 1941

அக்கா,

ஆர்னே போய்விட்டான். செப்டம்பர் பத்தொன்பதாம் தேதி. ஸ்விர் ஆற்றங்கரையில்.

பெட்டியில் அனுப்பினார்கள். தேவாலய முற்றத்தில் மற்றப் பையன்களோடு வைத்தோம். ஹெல்மி பேசுவதில்லை.

இந்த ஜூனில் திரும்பச் சண்டை மூளும்வரை அமைதி பதினைந்து மாதம் இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன்.

உன் வீட்டை மீட்கப் போகிறேன் என்றுதான் போனான். “அத்தை வீட்டுக் கொட்டகையில படுத்துத் தூங்கணும்ப்பா” என்றான். கிவென்னபாவை ஆகஸ்டிலேயே திரும்பப் பிடித்தாகிவிட்டது. அப்புறமும் அவனைக் கூட்டிப்போனார்கள். அவன் செத்த இடம் உன் வயலிலிருந்து இருநூறு கிலோமீட்டர் அந்தப் பக்கம். அது யார் வீடு? இந்த முறை எல்லையைத் தாண்டிப் போனது நாம்தானே?

உன்மேல் தப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நாளைக்கு நீ எழுதாமல் இருந்தால் நல்லது.

நெஸ்தோரி


கிவென்னபா
24 மே 1942

நெஸ்தோரி, ஹெல்மி,

எழுத வேண்டாம் என்றாய். ஏழு மாதம் எழுதவில்லை. இதற்கு மேல் முடியாது.

அவனுக்கு என் வீட்டுக் கட்டிமோர் பிடிக்கும். அகழி வெட்டிவிட்டு வந்து மூன்று கிண்ணம் குடிப்பான். “அத்தை, உங்க ஊர் மண்ணு பரவாயில்ல, எங்க ஊரு மாதிரி கல்லு இல்ல” என்பான். உங்களுக்குச் சொல்ல இவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. நான்கு கடிதம் எழுதி அடுப்பில் போட்டுவிட்டேன்.

அவரும் அந்தப் பழைய எல்லையில் நின்றாராம். ஓடையைத் தாண்டு என்று உத்தரவு வந்தபோது ஆட்கள் பாதிப் பேர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்களாம். “எங்க வீடு வந்தாச்சு, இதுக்கு மேல எங்களுக்கு வேலை இல்ல” என்று ஒருவன் சொன்னானாம். அவனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். மற்றவர்கள் தாண்டினார்கள். இவரும் தாண்டினார். அதைப் பற்றி இவர் பேசுவதே இல்லை, நானாகத் தோண்டிக் கேட்டது இது. ஆமாம், இந்த முறை தாண்டிப் போனது நாம்தான், நெஸ்தோரி.

ஆனால் நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். புகைபோக்கி மட்டும் நிற்கிறது. அதைச் சுற்றி ஓர் அறை கட்டியிருக்கிறோம். வயலில் ஷெல் துண்டு பொறுக்கிவிட்டுத்தான் ரை தானியம் விதைத்தோம். முளைத்திருக்கிறது.

சைமி


ஹௌஹோ
20 ஜூன் 1944

அக்கா,

பத்து நாளாக உங்கள் பக்கம் பீரங்கிச் சத்தம் என்று பேப்பரில் வருகிறது. எந்த விலாசத்துக்கு எழுதுவது என்றே தெரியாமல் பழைய லபுவா விலாசத்துக்குப் போடுகிறேன். உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுது. “வீம்பு பிடிக்காம வரச்சொல்லுங்க” என்று ஹெல்மி சொன்னாள். இரண்டரை வருஷத்தில் அவள் தானாகச் சொன்ன முதல் பேச்சு இது.

நெஸ்தோரி


பீக்ஸமாக்கி
1 அக்டோபர் 1944

நெஸ்தோரி,

உன் கடிதம் நான்கு ஊர் சுற்றிவிட்டு நேற்றுத்தான் கையில் கிடைத்தது. நான்கு பேரும் இருக்கிறோம். அவருக்கு இடது கையில் மூன்று விரல் இல்லை. கோடாலி பிடிக்க இரண்டு போதும் என்கிறார்.

இந்த முறை தரையைக் கழுவ நேரம் இல்லை. அறுக்காத ரையை அப்படியே விட்டுவிட்டு ஓடினோம்.

அதே கோடு. நாற்பதில் போட்ட அதே கோட்டைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். ஒரு வேற்றுவீட்டு முற்றத்தில் தனியாக நிற்கும் மரக் குளியலறையில் படுத்திருக்கிறோம். அந்த வீட்டுக்காரி நல்லவள்தான், ஆனால் நேற்று என் காதுபடச் சொன்னாள்: “நல்லவேளை, நாம கொஞ்சம் நிலத்தக் குடுத்துத் தப்பிச்சோம்.”

எனக்கு அந்த ‘நாம’தான் ஆகவில்லை. நான் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டேன்: “உங்களுக்கு எத்தன ஏக்கர் போச்சு?” இன்றைக்குக் காலையில் பால் கொஞ்சம் குறைவாகத்தான் வந்தது.

எழுத வேறு ஒன்றும் இல்லை. ஹெல்மியிடம், வீம்பு என்னோடு பிறந்தது என்று சொல்.

சைமி


ஹௌஹோ
18 நவம்பர் 1945

அக்கா,

நிலச் சட்டம் எங்கள் வட்டாரத்துக்கும் வந்துவிட்டது. இடம்பெயர்ந்தவர்களுக்குப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் நிலம் விட வேண்டும். கிவென்னபா ஆட்களை எங்கள் பக்கம்தான் அனுப்புகிறார்கள். என் பங்கு எட்டு ஹெக்டேர். கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒளிக்கவில்லை. அப்பா கல் பொறுக்கிய நிலம், நான் ஏன் விட வேண்டும் என்று இரண்டு நாள் பொருமினேன். மூன்றாம் நாள் நீ முப்பத்தொன்பதில் எழுதிய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ‘நீ எதைக் கொடுக்கிறாய்’ என்ற வரியைத் தாண்டிப் படிக்க முடியவில்லை.

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஹைக்கிலா பண்ணை ஆல்பெர்த் முதலில் எழுந்தார். “சதுப்புப் பக்கத்த ஒதுக்குவோம். எல்லைப் பக்கத்துலேர்ந்து ஓடி வந்த கரேலியாக்காரங்களுக்கு அது போதும். வாய்தான் வேல செய்யும், கை வேல செய்யாது” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருவர், “ஹெல்சின்கிதானே கையெழுத்துப் போட்டுச்சு? ஹெல்சின்கியே தரட்டும்” என்றார்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது, உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுந்தேன். “முப்பத்தொம்பதுல குடுத்துடலாம்னு சொன்னவன் நான். இந்த அறையிலேயே சொன்னேன். நீங்களும் தலையாட்டினீங்க. குடுக்கச் சொன்னது நாம, குடுத்தது அவங்க. இப்ப நம்ம முறை வந்திருக்கு. அவ்வளவுதான்” என்றேன்.

ஆல்பெர்த் என்னைப் பார்த்து, “மகனையும் குடுத்துட்டே. அப்பவும் புத்தி வரலியாய்யா உனக்கு?” என்றார்.

பின்னால் ஹெல்மி காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். கெண்டியைக் கீழே வைத்தாள். “என் புள்ள பேர உங்க வாயால சொல்லாதீங்க” என்றாள். பிறகு கூட்டத்துக்கு வந்திருந்த நில அதிகாரியிடம் திரும்பி, “ஏரிப்பக்கத்து வயலு, எட்டு ஹெக்டேர். சதுப்பு இல்ல. எழுதிக்குங்க” என்றாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அதற்கப்புறம் இன்னும் மூன்று பேர் நல்ல நிலத்தையே எழுதிக் கொடுத்தார்கள். ஆல்பெர்த் சதுப்பைத்தான் கொடுத்தார்.

இது தானம் இல்லை, அக்கா. சட்டப்படி உனக்கு உரியது. அத்தான் பெயரில் விண்ணப்பம் போடு. உடனே போடு.

ஒன்று மட்டும் கேட்கிறேன், உண்மையைச் சொல். இந்த அமைதி நிற்குமா? நான் முதலிலேயே கொடுக்கச் சொன்னவன், நீ கூடாது என்றவள். ஆறு வருஷம் போய்விட்டது. யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ஹெல்மி ராத்திரி எல்லாம் இதைத்தான் கேட்கிறாள்.

நெஸ்தோரி


பீக்ஸமாக்கி
3 மார்ச் 1946

நெஸ்தோரி,

விண்ணப்பம் போட்டோம். கிடைத்துவிட்டது. அதிகாரி கடிதம் முந்தாநாள் வந்தது. அவர் அதை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நாலு தடவை படித்தார். “மச்சான் மனுஷன்தான்டி” என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து எதிர்பார்க்காதே.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நாற்பதில் கொடுத்தோம். பதினைந்து மாதம் நின்றது. நாற்பத்துநான்கில் அதே நிலத்தைக் கொடுத்தோம். ஒன்றரை வருஷம் ஆகிறது, இன்னும் நிற்கிறது. அதே கோடு, அதே வயல். நிலம் கொடுத்ததுதான் அமைதிக்குக் காரணம் என்றால் இரண்டு தடவையும் ஒரே மாதிரி நின்றிருக்க வேண்டும், இல்லையா? அதனால் காரணம் நிலம் இல்லை. மீதியையும் பிடிக்க என்ன விலை ஆகும் என்று அவனுக்கு இரண்டு தடவை காட்டினோம். அது ஒன்று. அதில் நான் சொன்னதுதான் சரி, உனக்காக மாற்றிச் சொல்லமாட்டேன். வெறுங்கையோடு கொடுத்திருந்தால் இன்றைக்கு நீயும் நானும் எந்த மொழியில் எழுதிக்கொண்டிருப்போமோ.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அது போன வாரம்தான் எனக்குத் தெரிந்தது.

ஓலவிக்குப் பதினெட்டு ஆகிறது. ஹௌஹோவுக்குப் போகிறோம் என்று சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். அவன் தட்டைத் தள்ளினான். “அது நம்ம ஊரு இல்ல. நான் பட்டாளத்துல சேரட்டும், போய்த் திருப்பி எடுக்கிறேன்” என்றான். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்னே பேசின அதே பேச்சு, நெஸ்தோரி. அதே மாதிரி தாடையைத் தூக்கிக்கொண்டு.

நான் சொன்னேன்: “போகமாட்டே.”

“ஏம்மா? நம்ம வீடும்மா அது!”

“உன் வீடு இல்ல, என் வீடு. நான் கட்டினேன், நான் கழுவினேன், ரெண்டு தடவ விட்டுட்டு ஓடி வந்தேன். அத வேணாம்னு சொல்ல எனக்கு மட்டும்தான் உரிமை. சொல்றேன், கேட்டுக்கோ. வேணாம்.”

“அவன் பண்ணினது நியாயமா?”

“அநியாயம்தான்டா. சாகுற வரைக்கும் அநியாயம்னுதான் சொல்லுவேன். எவன் வந்து கேட்டாலும் சொல்லுவேன். இங்க ஒரு அடி எடுத்து வச்சான்னா நானே துப்பாக்கி தூக்குவேன். ஆனா அங்க போக உன்ன அனுப்பமாட்டேன்.”

எழுந்து வெளியே போய்விட்டான். ஒரு மணி நேரம் விறகு வெட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. “ஏரிப் பக்கம்னா மீன் இருக்குமா?” என்று கேட்டான். அவர்தான், “இருக்கும்டா” என்றார்.

மாஸ்கோவில் யாரோ என் வீட்டை எழுதிக் கொடுத்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நான் கொடுத்தது போன வாரம்தான். எங்களைப் போல நாலு லட்சம் பேர் வீடு இழந்திருக்கிறோம். எத்தனை நாள் அம்மாக்கள் சாப்பாட்டு மேஜையில் ‘வேண்டாம்’ என்று சொல்கிறார்களோ, அத்தனை நாள் இது நிற்கலாம். நம் பக்கத்துக்கு அவ்வளவுதான் சொல்ல முடியும். அவன் பக்கத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் பட்டாளத்தை வைத்துக்கொள்ளச் சொல், அகழியையும் வெட்டச் சொல். ஹெல்மியிடம் இதை ஒன்று விடாமல் படித்துக் காட்டு.

ஏப்ரல் இரண்டாம் தேதி வருகிறோம். மாடு ஒன்று, ஆடு இரண்டு, ஒரு உழவுக் குதிரை. முதலில் குளியலறை கட்டி அதிலேயே படுத்துக்கொள்வோம், வீடு இலையுதிர் காலத்துக்குள் எழும்பிவிடும். பனி விட்டதும் சர்வேக்காரரைக் கூப்பிட்டு எல்லைக்கல் நட்டுவிடு. அக்காதானே என்று வாய்ப்பேச்சாக விட்டுவிடாதே.

ரயிலடிக்கு வண்டியைக் கொண்டு வா. மற்றவர்களை நேராக வயலுக்கு அனுப்பிவிடலாம். நீயும் நானும் தேவாலயத்துப் பக்கம் இறங்கிக்கொள்வோம். ஆர்னே எந்த வரிசையில் இருக்கிறான் என்று எனக்கு நீ காட்ட வேண்டும்.

சைமி